காகத்துக்கு வைத்த சோறு

எனக்குச் சோறு குழைந்தால் பிடிக்காது. காகத்துக்கு வைப்பதென்றாலும் பதமாக வடித்து, பருப்பும் நெய்யும் விட்டுத்தான் இலையில் வைப்பேன். எதையும் நான் ஏனோதானோவென்று செய்யவில்லை என்பது விசாரிக்க வந்த உங்களுக்கு முதலில் தெரிய வேண்டும்.

பவித்ரன் சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்துப் பையன். பரீட்சைக்காக அவன் கைப்பேசியை அணைத்து வைத்திருந்த அன்று அப்பா கூப்பிட்டிருக்கிறார். மாலையில் அவர் உயிரோடு இல்லை. அந்தப் பாரத்தோடு என்னிடம் வந்தான். பல்கலைக்கழகத்தில் நான் ஆலோசகர் பயிற்சியில் இருந்தேன். மற்ற மாணவர்கள் என் அறையை எட்டிப் பார்த்ததோடு சரி. உட்கார்ந்து பேசியவன் அவன் ஒருவன்தான்.

அவரவர் வழக்கம் அறிந்து ஆறுதல் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பயிற்சி. அப்பாவுக்குப் படைத்துக் காகத்தைக் கூப்பிடலாம் என்றேன். மேற்பார்வையாளர் புஷ்பலதா மேடம், "நம்ம பிள்ளைங்க மனசு உனக்குத் தெரியுது" என்று மெச்சினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அறைக்குப் பின்னால் மதிலில் இலையை வைத்தோம். அவன் உள்ளே கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்ய, நான் வெளியே நின்று பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. உட்காரும்போது சிரித்தான்.

"காக்கா எடுத்துட்டா அப்பா மன்னிச்சிட்டாருலா, திவ்யாக்கா. அப்புறம் நான் இங்க வர வேண்டியதே இல்ல."

காகம் உடனே வந்துவிட்டது. என் கை தானாக எழுந்து அதை விரட்டியது.

"வரலியாக்கா?"

"வரல தம்பி. நாளைக்கும் வச்சிப் பாப்போம்."

மறுநாள் துடைப்பத்தைக் கதவோரம் சாய்த்து வைத்தேன். ஈப்போவில் காகத்துக்குப் பஞ்சமில்லை. விடுதியில் தனியாகப் படைக்காதே, மனசு உடைந்துபோவாய் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அவன் வரத் தாமதமானால் என் கால் ஓரிடத்தில் நிற்காது. கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடப்பேன். "அக்கா" என்ற குரல் கேட்டால்தான் மூச்சு வரும். வந்து அழுவான். பக்கத்தில் இருப்பேன்.

காகம் எடுக்காமல் படைத்தவர்கள் சாப்பிடுவதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். எங்கள் வீட்டிலும் அதுதான். அத்தனை நாளும் இடையிடையே மைலோ மட்டும் குடித்தான். சட்டை தொளதொளத்ததைக் கவனித்தேன். பட்டினி கிட என்று நான் சொல்லவில்லை. சாப்பிடு என்றும் சொல்லவில்லை. ஒருவருடைய நம்பிக்கையில் கை வைக்கக் கூடாது என்றுதானே சொல்லிக் கொடுத்தார்கள்.

நூலகப் படியில் மயங்கி விழுந்தவனுக்கு ஆஸ்பத்திரியில் குழாய் வழியாகத்தான் ஆகாரம் ஏறுகிறது, வாயில் ஒரு பருக்கை வாங்க மாட்டேன் என்கிறான் என்கிறீர்கள். ஆமாம், காகங்களை விரட்டியது நான்தான். எல்லா நாளும் நான்தான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவன் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வையுங்கள். காகம் ஏதாவது வந்து உட்கார்ந்து, அவன் குணமாகிவிட்டால், பிறகு பாவம், யாரிடம் வந்து அழுவான்?