குறை நோட்டில் என் பக்கங்கள்

என் பெயர் சந்தனமாரி, வயது 25, தகப்பனார் பெயர் இசக்கியப்பன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். தற்போது கரசங்காலில் கனகம் என்பவரின் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டு தயாரிக்கும் தனியார் கம்பெனியில் இறுதிப் பரிசோதனைப் பிரிவில் நான்கு வருடமாக வேலை செய்து வருகிறேன். என் கையைத் தாண்டிப் போன ஒரு பீஸ்கூட இதுவரை குறை என்று திரும்பி வந்ததில்லை. இது வழக்குக்குத் தேவையில்லை என்று என்னை விசாரித்த உதவி ஆய்வாளர் அம்மா சொன்னார்கள். தேவைப்படும் என்று நான் வற்புறுத்தியதன் பேரில் எழுதிக்கொண்டார்கள்.

படப்பையில் அருட்சுடர் இல்லம் நடத்தி வரும் பலராமன் என்பவர், அங்கே தங்கியிருந்த பாண்டிச்செல்வி, வயது 22, என்பவரை நான் ஆசை காட்டிக் கடத்திச் சென்றதாகக் கொடுத்துள்ள புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கடத்தினேன் என்பது பொய். கூட்டிக்கொண்டு வந்தேன் என்பது உண்மை. மேற்படி பாண்டிச்செல்வி என் ஊரைச் சேர்ந்த மாடத்தி என்பவரின் மகள். அவளை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டது நான். மேற்படி இல்லத்துக்கு முதலில் அழைத்துப் போனதும் நான்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

கடந்த வருடம் ஜூன் மாதம் முதல் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அங்கே விளக்கு வழிபாட்டுக்குப் போய் வந்தோம். சூடாகச் சாப்பாடு போட்டார்கள், பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது அங்கே பெண்களைக் கவனித்து வரும் சசிரேகா என்பவர் மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தார். வாரம் ஒரு ஷிப்ட் என்று தூக்கம் மாறிப் படுத்து எழுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். அந்தக் கஞ்சிக்கு இன்றும் நன்றி வைத்திருக்கிறேன். அதன் பிறகு ஆகஸ்ட் மாதம், அப்போதும் நாங்கள் குடியிருந்த கனகம் வீட்டு மாடி அறையைக் காலி செய்துவிட்டு இருவரும் அங்கேயே தங்கப் போனோம்.

அதன் பிறகு வழிபாட்டு நேரத்தில் மட்டும் போனைப் பெட்டியில் போடச் சொன்னார்கள், போட்டோம். அதன் பிறகு கம்பெனி முடிந்து வந்ததுமே போடச் சொன்னார்கள், போட்டோம். அதன் பிறகு போனைத் திருப்பித் தருவதே இல்லை, வீட்டுக்குப் பேசுவது ஞாயிறு பத்து நிமிடம், அதுவும் சசிரேகா பக்கத்தில் இருக்கும்போது ஸ்பீக்கரில் என்று ஆனது. இந்தச் சித்திரையில் ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போகக் கூடாது, அது இருட்டு வழிபாடு என்று பலராமன் சொன்னார். ஓ.டி. இருக்கிறது என்று என் அப்பாவிடம் பொய் சொன்னேன். பிறந்ததிலிருந்து நான் போகாத முதல் கொடை அது. ஒவ்வொரு விதியும் முந்தைய விதியைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. அதனால் எனக்கு உறைக்கவில்லை.

மே மாதம் முதல் குறை நோட்டு வந்தது. தன் குறையை அல்ல, பக்கத்துப் பாயில் படுப்பவளின் குறையைத் தினமும் எழுதிக் கொடுக்க வேண்டும். என் பக்கத்துப் பாய் பாண்டிச்செல்வி. குறை கண்டுபிடிப்பது என் தொழில் என்பதால் நான் வெகு சுத்தமாக எழுதினேன். தேதி, நேரம் எல்லாம் போட்டேன். பாட்டுப் பாடும்போது வாய் மட்டும் அசைத்தாள், சாப்பிடும்போது ஊர்க் கதை பேசினாள், தூக்கத்தில் 'எம்மா' என்றாள், இப்படி. என் நோட்டைத்தான் எல்லோருக்கும் மாதிரியாகக் காட்டினார்கள். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்லும்போது வெட்கமாக இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளவும்.

ஜூன் மாதம் பாண்டிச்செல்விக்கு ஒன்பது நாள் மௌனம் விதித்தார்கள். அவள் யாரிடமும் பேசக் கூடாது, அவளிடம் யாரும் பேசக் கூடாது. இல்லத்துப் பெண்கள் ஆறு பேர் எங்கள் கம்பெனியிலேயே இருந்ததால் கம்பெனியிலும் அதுதான். ஆறாம் நாள் அவள் கட்டி அனுப்பிய பீஸில் இரண்டு வயர் இடம் மாறி இருந்தது. நான் வழக்கம்போல் சுவிட்சை அழுத்தி லைனை நிறுத்தினேன். எங்கள் லைனில் நேற்றுச் சேர்ந்த பெண்கூட அந்தச் சுவிட்சை அழுத்தலாம், யாரும் திட்ட மாட்டார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்ததும் சூப்பர்வைசர் எழிலரசன் வந்தார். பாண்டிச்செல்வி தலை குனிந்து நின்றாள். அவர், "எவ பண்ணான்னு நான் கேக்கலமா. இப்டி ஆவறதுக்கு அங்க இன்னா நடக்குதுன்னுதான் கேக்கறேன். ஒடம்பு சரியில்லியா?" என்றார். அவள் வாயைத் திறக்காமல் அழுதாள். நான் அந்தப் பீஸில், குறை உள்ளது என்று காட்டும் சிவப்புச் சீட்டைக் கட்டினேன். கட்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. இங்கே சீட்டைப் பீஸில்தான் கட்டுகிறோம். அங்கே இல்லத்தில் நான் அதை இவள் கழுத்தில் கட்டிவிட்டேன்.

அந்த ஞாயிறு வழிபாடு முடிந்து ஏதாவது கேள்வி உண்டா என்று பலராமன் வழக்கமாகக் கேட்கும்போது நான் எழுந்து நின்று, "ஐயாவோட குறை நோட்ட யாரு எழுதுதா?" என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்கவில்லை. கம்பெனியில் எங்கள் மேனேஜருக்கும் ஆடிட் உண்டு, அதனால் கேட்டேன். எனக்குப் பதினெட்டு நாள் மௌனம் என்று சசிரேகா அறிவித்தார். ஒரு சந்தேகம் கேட்டதற்கே இவ்வளவு என்றால் இந்த இடத்தில் நிறுத்துகிற சுவிட்சே கிடையாது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அதன் பிறகு ஜூன் 18, புதன்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்து மாலை நான்கு மணி அளவில் கம்பெனி பஸ் படப்பையில் நின்றது. இல்லத்துப் பெண்கள் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. பாண்டிச்செல்வி படிவரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அவள் கையைப் பிடிக்கவில்லை, ஆசை காட்டவில்லை. மௌனத்தை உடைத்து, "ஏட்டி, ஒம்பேருல எழுதிக் கொடுத்ததெல்லாம் நாந்தான்" என்று மட்டும் சொன்னேன். அதைக் கேட்டு அவள் இறங்கிப் போயிருந்தால் நான் அவளை இழந்திருப்பேன். டிரைவர், "எறங்கறியா இல்லியாமா, பின்னாடி லாரி நிக்குது பாரு" என்றார். அவள், "தெரியும்ட்டி. ஒன் கையெழுத்து எனக்குத் தெரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கரசங்காலில் இறங்கி நேராகக் கனகம் வீட்டுக்குப் போனோம். அவர், "இன்னாங்கடி இப்டி எளைச்சிட்டீங்க, ரூம் சும்மாதான் கீது, போங்க" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார். அவர் போனிலிருந்து பாண்டிச்செல்வி தன் அம்மாவிடம் போன் சுடும்வரை பேசினாள். அவள் இப்போது ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், கடத்தப்பட்டாளா என்று அவளிடமே கேட்டுக்கொள்ளலாம்.

மேற்படி இல்லத்தில் போலீசார் கைப்பற்றிய குறை நோட்டுகளில் இரண்டை இன்று என்னிடம் காண்பித்தார்கள். முதலாவது நான் எழுதியது, முப்பத்திரண்டு பக்கம், என் கையெழுத்துதான் என்று அடையாளம் காட்டுகிறேன். இரண்டாவது என்னைப் பற்றிப் பாண்டிச்செல்வி எழுதியது. அதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. அதில் தினமும் தேதி போட்டு, குறை இல்லாத பீஸுக்கு நாங்கள் எழுதுவதுபோல ஒரே வரி, 'சந்தனமாரி, ஓகே' என்று, முப்பத்திரண்டு நாளும் எழுதியிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் சசிரேகா சிவப்பு மையில், 'பிடிவாதம், ஒன்பது நாள் மௌனம்' என்று எழுதியிருக்கிறார். அவளுக்குத் தண்டனை வந்தது நான் எழுதியதால் என்று நினைத்திருந்தேன். என் மேல் குறை எழுத மாட்டேன் என்றதால் வந்தது என்று இன்றுதான் அறிகிறேன். கம்பெனி எனக்கு இரண்டு முறை சான்றிதழ் கொடுத்திருக்கிறது, பிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன். அவற்றைவிட இந்த நோட்டு பெரிது. வழக்கு முடிந்ததும் இதை என்னிடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளது முழுவதும் நான் என் வாயால் சொன்னது, யாரும் சொல்லிக் கொடுத்தது அல்ல. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன், இரண்டு இடத்தில் பிழை கண்டு திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். கீழே 'ஓகே' என்று எழுதப் போனேன். அப்படி எழுதக் கூடாது என்று உதவி ஆய்வாளர் அம்மா சொன்னதால் கையெழுத்து மட்டும் போடுகிறேன்.

(ஒப்பம்) இ. சந்தனமாரி