கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

எண்பதுகளில் ஒரு சனிக்கிழமை. ஈப்போவிலிருந்து காம்பார் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு ஆசிரியைகள். இளையவள் சொன்னதைக் கேட்டுத்தான் நான் பேப்பரை மடித்தேன்.

"எங்க ஸ்கூல் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சதுலேர்ந்து அதுல வர்ற மேப்புல பாதி பேராக் மாநிலத்தக் காணோம்க்கா."

"யாரு வச்சது?"

"வேற யாரு, பெரிய வாத்தியாருதான். சரஸ்வதி பூசைக்கு மாலை போட்டு, திரைக் கண்ணாடியில கை நெறைய சந்தனம், நடுவுல குங்குமம். தொடைச்சா சாமி குத்தமாம்."

"நல்லா இருக்குலா. அந்த மேப்ப வச்சுத்தான சரித்திரமும் அறிவியலும் நடத்தணும்னு கோர்ஸ்ல சொன்னாங்க?"

"நடத்துறேனே. ஆறு மலையில பொறந்து நேரா சந்தனத்துல விழுது. ஈயம் எங்க கெடைச்சிச்சுன்னு கேட்டா, குங்குமத்துக்கு அடியிலங்குதுங்க புள்ளைங்க."

மூத்தவர் சிரித்தார். "உங்க ரப்பர் தோட்டம் எங்க வருது?"

"அது மேப்புலயே இல்லக்கா. காம்பார் இருக்கு, ஈப்போ இருக்கு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து பால்மரம் வெட்டுன எடம் வெறும் கறுப்பு."

"புள்ளைங்க கேக்கலையா?"

"கேட்டுச்சுங்க. குங்குமத்தக் காட்டி, இதான் நம்ம தோட்டம்னுட்டேன்."

"தோட்டத்த வீடு கட்டுறவனுக்கு வித்தாச்சுன்னு கேள்விப்பட்டேனே?"

"வித்தாச்சு. லயத்து வீடுகளக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஸ்கூலையும் இடிக்கப் போறாங்க."

இறங்க எழுந்த இளையவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அந்தக் குங்குமத்தத் தொடைக்கத்தான் எவனுக்கும் தைரியம் இல்ல."