ஆத்துக்கு அந்தப் பக்கம்

இல்லண்ணே, இந்த அட்டை பத்தாது. கார்டு இன்னும் தடியா வேணும். நீங்க பிரஸ்ஸுல எத்தனையோ பார்த்திருப்பீங்க, ஆனா மெல்லிசா இருந்தா அவரால எடுக்க முடியாது. வலது கை சுத்தமா போச்சு. இடது கையும் சொன்ன பேச்சு கேக்காது.

ஆமா, என் வீட்டுக்காரர்தான். பக்கவாதம். பேச்சும் போயிடுச்சு, எழுதவும் வராது. நாம சொல்றதெல்லாம் புரியும். ஆமா, இல்லன்னு தலையாட்டுவாரு, அவ்வளவுதான். ஒரு காலத்துல பஸ்ஸுல பக்கத்துல உக்கார்றவங்க இறங்க மறந்துடுவாங்க, அப்படிக் கதை சொல்லுவாரு மனுஷன்.

சுவத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரா, எனக்குப் பொறுக்கல. நான் பள்ளிக்கூடத்துல படம் வரையச் சொல்லிக் குடுக்கறவ. பெரிய தாள்ல ஒரு வரைபடம் போட்டேன். நடுவுல ஆறு, இந்தக் கரையில எங்க வீடு, அப்புறம் மலை, காடு. கூடவே கார்டு. குடை, பூட்டு, மழை, படகு, ஆளுங்க. நான் ஒரு கார்டு வெச்சு ஒரு வரி கதை சொல்லுவேன். அடுத்தது அவர் வைப்பாரு. இதுக்கு இதுவா அர்த்தம், அதுவான்னு நான் கேக்கக் கேக்க, அவர் தலையாட்ட ஆட்ட, கதை நகரும்.

ஜெயிக்கறது தோக்கறதெல்லாம் கிடையாதுண்ணே. கதை முடிஞ்சா ஆட்டம் முடிஞ்சுது.

முதல் நாளே பூட்டு கார்டை எடுத்து என் முகம் போட்ட கார்டு மேல வெச்சாரு. என்னங்க, என் வாய்க்குப் பூட்டான்னேன். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. அவருக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு அதைப் பார்த்துட்டு, இவரை மாதிரி இருக்கற மத்தவங்களும் விளையாடட்டுமே, அச்சுப் போடுங்கன்னா. அதான் உங்க முன்னால நிக்கறேன்.

அப்புறம் கொஞ்ச நாள்ல, படகை எடுத்து ஆத்துக்கு அந்தப் பக்கமே வைக்க ஆரம்பிச்சாரு. தினமும். அங்க உங்க அம்மா வீடான்னு கேட்டேன். இல்ல. கூடப் படிச்சவங்க யாராவதா? இல்ல. சரி, யாருன்னு காட்டுங்கன்னு ஆள் கார்டு எல்லாத்தையும் பரப்பினேன். ஒவ்வொண்ணா தள்ளிட்டாரு. என்னையும் சேர்த்துத்தான். விடுங்க, நான் புதுசா வரையறேன்னு பென்சிலை எடுத்தேன். பொம்பளையா? ஆமா. முடி சுருட்டையா? ஆமா. நெத்தி அகலமா, மூக்கு சப்பையா... ஒரு சாயந்திரம் முழுக்க அழிச்சு அழிச்சு வரைஞ்சேன். சரியா வந்ததும் அவர் அந்த முகத்தைத் தடவினாரு. பேரைச் சொல்ல வாயைத் திறந்து எவ்வளவோ பாடுபட்டாரு. வரல.

நான் எழுந்து போயி சோறு பிசைஞ்சு எடுத்துட்டு வந்து ஊட்டினேன். வேற யார் ஊட்டுவா.

இதோ, இந்தக் கார்டுதான். நல்லாத்தான் வந்திருக்கு, ஆனா நிறம் வெளிறிப் போச்சுண்ணே. இன்னும் மாநிறமா வரணும். இல்லன்னா இது அவ இல்லன்னு தள்ளிடுவாரு. எடுத்துட முடியாது, இந்தக் கார்டு இல்லாம அவர் விளையாட உக்கார மாட்டேங்கறாரு.

சொந்தக்காரங்களா? இல்லண்ணே, எனக்கு யாருன்னே தெரியாது. நம்ம கல்யாணத்துக்கு முன்னால பழக்கமான்னு கேட்டேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்துட்டு, இல்லன்னு தலையாட்டினாரு. பொய்யா ஆமான்னு ஆட்டியிருந்தாக்கூட நம்பியிருப்பேன்.