கவுண்டருக்குக் கீழே நார்ட்டன்

"இந்த ஊரு ஒயினுக்கு இது பரவால்ல."

கேட்டீங்களா சார்? ஜன்னல் ஓரம் உக்காந்திருக்கே, அந்தம்மாதான் சொல்லுச்சு. எனக்குக் கேக்கணும்னு சொல்லல, புருஷன்கிட்ட மெதுவாத்தான் சொல்லுச்சு. இந்த ஊருக்குப் பரவால்லயாம். ஏன், மிசூரியில மண்ணு இல்லியா, வெயில் இல்லியா? நாங்க என்ன ஆத்துத் தண்ணியில சாயத்தக் கலந்து அடைச்சு விக்கிறோமா? அதுவும் அந்தம்மா குடிக்கிறது எதுன்னு பாருங்க. தவளப் படம் போட்ட பாட்டிலு. ரோஸ் கலரு. அது ஒயினே இல்ல சார். ஜாமுக்குப் போக வேண்டியது வழி தவறி பாட்டிலுக்குள்ள வந்துடுச்சு. நாந்தான் ஊத்துனேன். அந்த மூஞ்சிக்கு வேற என்னத்த ஊத்துறது?

நீங்க என்ன கேட்டீங்க... ஆங், ரெட் ஒயின். நார்ட்டன் திராட்சயில போட்டது இருக்கான்னு. இருக்கு இருக்கு, எங்க ஓடிடப் போவுது. மொதல்ல இதக் குடிங்க. ஆமா, தவளதான். யாரு வந்தாலும் தவளயிலதான் ஆரம்பிக்கணும். அது நான் வெச்ச சட்டம். புடிக்கலன்னா அந்த வாளி இருக்கு, துப்பிக்கங்க. நான் தப்பா நெனச்சுக்க மாட்டேன். சொல்லப்போனா கொஞ்சம் மரியாத கூடும்.

எங்கேர்ந்து வர்றீங்க... சிகாகோவா. கார்லயேவா? யாரும் பேரு சொல்லாத ஊருல நல்ல ஒயின் கெடைக்குதான்னு தேடிக்கிட்டுத் திரியுறீங்களாக்கும். நல்ல வேலதான், போங்க. இதுக்கு முன்னாடி எங்கெல்லாம் போனீங்க... விர்ஜீனியா. சரிதான். அங்க திராட்சத் தோட்டம்னு ஒரு போர்டு இருக்கும், உள்ள போனா கல்யாண மண்டபமா இருக்கும். கொடிய நட்டதே போட்டோ எடுக்கத்தான். மிச்சிகனா? அவன் செர்ரிப் பழத்த ஊற வெச்சுட்டு ஒயின்ம்பான். டெக்சாஸ்ல பாட்டில் மேல மாட்டுக்கொம்பு வரஞ்சிருக்கும், உள்ள என்ன இருக்குன்னு அந்த மாட்டுக்கே தெரியாது. ஐடஹோ நல்லாருந்துச்சா? நெஜமாவா? உருளக்கெழங்கு போடுற ஊருல? நீங்க சொல்றீங்க, நான் கேட்டுக்குறேன்.

கலிபோர்னியா பேச்ச மட்டும் எடுக்காதீங்க. எடுக்கல, தெரியும். முன்கூட்டியே சொல்லி வெக்கிறேன். போன மாசம் ஒருத்தரு வந்தாரு, கழுத்துல துண்டு மாதிரி ஸ்வெட்டரக் கட்டிக்கிட்டு. கிளாஸ அப்டிச் சுத்துறாரு, இப்டிச் சுத்துறாரு, மோந்து பாக்குறாரு, கண்ண மூடுறாரு. கடசில, "கலிபோர்னியா நாப்பாவுல இருந்தா இது..."ன்னாரு. நான் கிளாஸக் கையிலேர்ந்து வாங்கிட்டேன். நாப்பாவுல இருந்தா நாப்பாவுக்குப் போயிக் குடிக்கிறதுதான?

ரெட்டுதான... வரும் வரும், கொஞ்சம் பொறுங்க. சாசேஜ் வெட்டித் தரட்டுமா? பன்னிக்கறி சாசேஜ், பக்கத்து மலையில பொகை போட்டது. வேணாமா. சரி.

அங்க பாருங்க, தோட்டத்துல டிராக்டர் நிக்குதா? பின்னாடி சங்கிலி தொங்குதே, அது எதுக்குத் தெரியுமா? என் தம்பி லூதர் இன்னிக்கு சாயங்காலம் நார்ட்டன் கொடி பூராத்தையும் வேரோட இழுத்துடப் போறான். இந்த வருசப் பழம் எடுத்தாச்சு, இதோட சரின்னுட்டான். வர்ற வசந்தத்துல கட்டாபா நடப் போறான். கட்டாபான்னா வேற ஒண்ணுமில்ல, இந்தத் தவளக்கி ஊத்துற திராட்ச. இன்னும் தவள. மல பூரா தவள. "என்னடா இது"ன்னா, "நார்ட்டன யாரு கேக்குறா வெர்னா? தவளயத்தான் வண்டி வண்டியா வாங்குறாங்க"ங்கிறான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது. விடிஞ்சா தோட்டம், அடஞ்சா தோட்டம். ராத்திரி சாப்புட உக்காரும்போது கேப்பான், "இன்னிக்கு யாராச்சும் நார்ட்டன் கேட்டாங்களா?"ன்னு. நான் இல்லம்பேன். தட்டப் பாத்துக்கிட்டே சாப்புடுவான்.

அந்தக் கொடி லேசுப்பட்டது இல்ல சார். பழம் மொளகு அளவு. தோலு தடிமன். பறிச்சா கையெல்லாம் கருப்பு, ஞாயித்துக்கெழம சர்ச்சுல கைய மறச்சுக்கிட்டு உக்காரணும். பனி அடிச்சாலும் நிக்கும், கோடையில எல்லாம் அழுகும்போதும் நிக்கும். ஒயினாக்கி அடச்சு வெச்சீங்கன்னா மொதல்ல கடுகடுன்னு இருக்கும், என்ன மாதிரி. அப்பறம் மெல்ல மெல்ல... அத நான் எப்டி சொல்றது. அத வாயில வெச்சா நான் பேச மாட்டேன். லூதரே சொல்வான், வெர்னா வாயடைக்க அது ஒண்ணுதான் மருந்துன்னு.

அத யாருக்குக் குடுக்கச் சொல்றீங்க? குடுத்துப் பாத்தாச்சு. கண்காட்சி ஒயின் போட்டியில ஒரு நடுவரு, டை கட்டுன ஆளு, ஒரு சொட்டு நாக்குல வெச்சுட்டு, "இருமல் மருந்து மாதிரி இருக்கு"ன்னாரு. இருமிக்கிட்டேதான் சொன்னாரு. அதுக்கப்பறம் போன கோடையில ஒரு பையன், பாட்டில வாங்கி, என் கண்ணு முன்னாடி, இதே கவுண்டர்ல வெச்சு, அதுல கோலாவ ஊத்துனான். கோலா, சார். ஸ்பெயின்ல அப்டித்தானாம். அன்னிக்கு எடுத்துக் கீழ வெச்சேன். இங்க, என் காலுகிட்ட, இந்த அலமாரியில. பூட்டு போட்டு, சாவி ஏப்ரன் பையில. தகுதி உள்ளவங்க வந்தா எடுப்போம்னு.

வராம இல்ல, ஒருத்தரு வந்தாரு. சர்ச்சுல வாசிக்கிற ஆர்கன ரிப்பேர் பண்ண வந்தவரு. ஊத்துனேன். குடிச்சாரு. கிளாஸக் கீழ வெச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தாரு. அதான் சார் குடிக்கிறது. அதுக்கப்பறமா... அதுக்கப்பறம் அவரு மாதிரி யாரும் வரல.

மறுபடியும் ரெட்டா? நீங்க கேக்குறது காதுல விழுது சார், செவிடு இல்ல நான். ஆனா உங்களயும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். வந்ததும் வராததுமா செல்போன வெளிய எடுத்து லேபிளப் போட்டோ எடுத்தீங்க. தவளய ஒரு வாயி குடிச்சீங்க, துப்பல, முழுங்கிட்டீங்க. மரியாதக்கா? மரியாதக்கி முழுங்குறவர எப்டி நம்புறது?

இந்தா, அவனே வந்துட்டான். வாடா லூதர். ஷூவத் தட்டிட்டு வா. கொடியில சங்கிலிய மாட்டியாச்சா? ... இல்லடா, இன்னிக்கும் யாரும் கேக்கல. எப்பயும் போலத்தான். சார், நீங்க எதுக்குக் கையத் தூக்குறீங்க... அவன்கிட்ட என்னத்துக்கு சொல்றீங்க? ... மூணு தடவ கேட்டாராம். கேட்டாருதான், இல்லன்னு சொன்னனா? அது கேக்குற மாதிரியாடா கேட்டாரு? பக்கத்து வீட்டுல சக்கர இருக்கான்னு கேக்குற மாதிரி, "நார்ட்டன் இருக்கா"ன்னாரு. போன வாரம் ஒரு பொண்ணும் கேட்டுச்சு, மூக்குல வளையம் மாட்டிக்கிட்டு. செயின்ட் லூயிஸ்லேர்ந்து ஓட்டல்காரரு ஒருத்தரு கேட்டாரு, சூயிங்கம் மென்னுக்கிட்டே. தெனம் யாராச்சும் கேப்பாங்கதான். கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்துட முடியுமா?

ஏன்டா அப்டிப் பாக்குற?

என்னடா பண்ற... முடிச்ச அவுக்காத. ஏப்ரன விடு. டேய், தலைக்கு மேல இழுக்காத, கண்ணாடி மாட்டுது. இது என்ன என் கையில? டிராக்டர் சாவியா? இத வெச்சு நான் என்ன பண்ண? ... சங்கிலியக் கழட்டிப் போட்டுட்டு வண்டியக் கொட்டாய்க்கு ஓட்டணுமா? கொடிய இழுக்கப் போறதில்லியா? நானா ஓட்டணும்? அப்ப இங்க யாரு ஊத்துறது... நீயா? உன் கையெல்லாம் கிரீஸுடா. அலமாரியத் தொறக்காத. லூதர், அவரு தவள முழுங்குனவரு, நான் சொல்றதக் கேளு. ஒரு பாட்டில் போதும்டா. ஒண்ணு போதும்... எல்லாத்தையும் எதுக்கு எடுக்குற...

எல்லாத்தையும் எடுத்து கவுண்டர் மேல வெச்சுட்டான் சார்.