ரிட்டர்ன் லாரி

— அப்ப வூடு மாத்த பெரியார் நகருக்கு ஏழாயிரத்து நூறு, ஓசூருக்கு முப்பத்தோராயிரம். இதுல கணக்கு பாக்க என்னா இருக்குது மாமா?

— அவசரப்படாத அன்பு. பாயிண்ட்டுக்கு வா. அந்த ஏழாயிரத்து நூறு எப்புடி வந்துச்சு, அத மொதல்ல சொல்லு.

— குட்டியானை வண்டி ஒரு நடைக்கு எண்ணூறு. நம்ம சாமான் மூணு நடை வரும், அதுவே ரெண்டாயிரத்து நானூறு. ஆளு நாலு பேரு, தலைக்குத் தொள்ளாயிரம். அங்க மாடி வூடு, அதுக்கு மாடிக்கூலின்னு தனியா எண்ணூறு. பேனு கழட்டி மாட்ட முந்நூறு. கூட்டிப் பாருங்க.

— மூணு கிலோமீட்டருக்கு. இங்கேர்ந்து கூப்பிட்டா அங்க காதுல விழுற தூரத்துக்கு.

— உங்க கொரலுன்னா விழும். சூளைகிட்ட நின்னு கத்திக் கத்தி அப்புடி ஆயிப்போச்சு.

— நல்லா கிண்டல் பண்ணு. இப்ப ஓசூரு. பேக்கர்ஸ்காரன் அனுப்புன கொட்டேஷனப் படி.

— லாரிக்குப் பதினாலாயிரத்து ஐநூறு. பேக்கிங்குக்கு எட்டாயிரத்து ஐநூறு. ஏத்தி எறக்க ஆறாயிரம். டோலு, இன்சூரன்ஸு எல்லாம் சேத்து ரெண்டாயிரம்.

— பேக்கிங்குக்கு எட்டாயிரத்து ஐநூறு. அத யாருக்குப் போட்டிருக்கான் பாரு. பதினோரு வருஷமா செராமிக் எஸ்டேட்டுல பொம்மை பேக் பண்றவளுக்கு.

— அய்ய, அத நானே கேட்டுட்டேன். போன்ல ஒரு பொண்ணு பேசுச்சு. ஒவ்வொரு டம்ளரையும் தனித்தனியா சுத்துவோம் மேடம்னுது. எங்க புள்ளையாரு பம்பாய் வரைக்கும் தும்பிக்கை ஒடையாம போறாரும்மா, வைக்கோலும் பழைய பேப்பரும்தான், நீ எனக்கு டம்ளரு சுத்தக் கத்துக்குடுக்காதன்னேன். வெச்சிடுச்சு.

— அப்ப அந்த எட்டாயிரத்து ஐநூற அடிச்சிடு.

— அடிச்சாச்சு. எட்டுப் பெட்டி கட்டியும் வெச்சாச்சு. அப்பவும் இருபத்தி ரெண்டாயிரத்து ஐநூறு நிக்குது. பெரியார் நகரப் போல மூணு மடங்கு. அதான் சொல்றேன், பேசாம உள்ளூருலயே மாறிடுவோம். ஆடி பொறக்க இன்னும் ஒம்போது நாளுதான் இருக்குது. ஆடில பால் காய்ச்ச முடியாது. அதுக்குள்ள எங்கயாவது போய் ஒக்காந்துட்டா போதும்.

— சம்பளத்த மறந்துட்டுப் பேசுற. இங்க பதினாறாயிரம். அங்க இருபத்தெட்டு. பிரபா சும்மாவா கூப்புடுறான்? நாலு வருஷம் முன்னாடி வரைக்கும் என்கூட ஒரே சூளையில வெந்தவன். எனக்குன்னு சொல்லி வெச்சிருக்கான். ஒண்ணாந்தேதி சேரணும், சேந்தா அந்த எடம் எனக்கு.

— அதுக்கு நான் வேணாம்னா சொன்னேன்? அவரு பொண்டாட்டி அம்புஜம் பக்கத்து வூட்டுல இருக்கான்னு நீங்க சொன்னதாலதான் தலையாட்டுனேன். பிரபா அண்ணனுக்காகவும் இல்ல, இருபத்தெட்டாயிரத்துக்காகவும் இல்ல. தெரியாத ஊருல, கடைக்குப் போனா ஒருத்தன் கன்னடம் பேசுறான், ஒருத்தன் தெலுங்கு பேசுறான்ங்குறாங்க. பேச்சுத் தொணைக்கு அவ இல்லன்னா நான் ஒரு அடி எடுத்து வெக்க மாட்டேன்.

— இருப்பா, இருப்பா. லைன் வூடு. செவுத்த தட்டுனா அந்தாண்ட அம்புஜம். நேத்துகூட நீ பேசுனியே.

— பேசுனேன். பின்னாடி ஒரே கடமுடன்னு சத்தம். என்னாடின்னு கேட்டா, வூடு ஒதுக்குறேன்க்கா, அப்புறம் பேசுறேன்க்கான்னு வெச்சிட்டா.

— பாத்தியா. நாம வர்றோம்னு இப்பவே ஒதுக்குறா.

— நம்ம வூட்டுக்கு அவ ஏன் அவ வூட்ட ஒதுக்கணும்?

— பாசம்தான். பிரபாவும் அப்புடித்தான். போன் போட்டா ஊரப் பத்திதான் பேசுறான். உங்க வூட்டு மோட்டாரு சரியா தண்ணி ஏத்துதா, முருங்கை காய்க்குதா, பரண்ல எவ்ளோ எடம் இருக்குது. போன வாரம் பின்ரூம் கதவோட அகலத்தக்கூட அளந்து அனுப்பச் சொன்னான்.

— எதுக்கு?

— நம்ம பீரோ அங்க நொழையுமான்னு பாக்க. டேப்பு புடிச்சி அளந்தேன். ரெண்டே முக்கால் அடி.

— பீரோவ அளக்கச் சொல்லாம கதவ ஏன் அளக்கச் சொன்னாரு?

— அந்தக் கதவுல நொழஞ்ச பீரோதான அது? கதவத் தெரிஞ்சா பீரோ தெரிஞ்சிடுது. சூளைக்காரன் கணக்கு அது, உனக்குப் புரியாது.

— புரியலதான். நாளைக்குப் பாப்பா ஸ்கூல்ல டி.சி. கேட்டுடணும். நீங்க நாளைக்கு மொதலாளிகிட்ட வேலைய வுட்டு நின்னுக்குறேன்னு சொல்லிடணும். ரெண்டும் சொல்லிட்டா அப்புறம் திரும்ப முடியாது மாமா.

— இங்கயே இருந்தா மட்டும் என்னா? கோவிந்தசாமி ஐயா வாடகைய ஏத்திட்டாரு இல்ல.

— ஆயிரம் ரூவா. அதுவும் மொகத்துக்கு நேரா சொல்லல. அய்யாயிரத்து ஐநூறு எனக்குப் போதும்மா, ஆனா ஆறாயிரத்து ஐநூறு தரேன்னு ஒரு பார்ட்டி நிக்குது, அவங்க ஆடிக்கு முன்னாடி வரணுங்குறாங்க, நீங்களே அதக் குடுக்குறதுன்னா நீங்களே இருங்கன்னாரு. நான் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துட்டேன். அட்வான்ஸு முப்பதாயிரமும் கைக்கு வந்தாத்தான் சாவி. அதுவரைக்கும் சாவி என் இடுப்புலதான் இருக்கும்னு.

— அவரு என்னா சொன்னாரு?

— சிரிச்சாரு. நல்ல மனுசந்தான்.

— சரி, இப்ப நான் ஒண்ணு சொல்றேன். ஒக்காந்துக்க. அந்தப் பெட்டி மேல ஒக்காராத, அதுல கண்ணாடி இருக்குது. பச்சமுத்து அண்ணன் இருக்காரு இல்ல, ஜங்ஷன் ரோட்டுல லாரி புக்கிங்கு. காலைல டீ குடிக்கச் சொல்ல புடிச்சேன். ஓசூரு போவணும்ணே, எவ்ளோ ஆவும்னேன். அவரு கேட்டாரு, என்னைக்குப் போவணும்னு. ஆனி முடியறதுக்குள்ளன்னேன். அப்புறம் சொன்னாரு பாரு.

— என்னா சொன்னாரு?

— அவரு வாயாலயே கேளு. ஸ்பீக்கர்ல போடுறேன். அண்ணே, நான் வளவன். காலைல சொன்னத இப்ப வூட்டுல ஒருக்கா சொல்லுங்க, நான் சொன்னா நம்பாது.

— தங்கச்சி, விசியம் என்னான்னா, லாரிக்காரனுக்குப் போறது மட்டும் செலவு இல்ல, வர்றதும் செலவு. இங்கேர்ந்து ஓசூருக்கு லோடு ஏத்துறான்னு வெய்யி, அங்க எறக்கிட்டு வெறும் வண்டியாத்தான் திரும்பி வரணும். அந்த டீசலையும் உன் தலையிலதான் கட்டுவான். பேக்கர்ஸ்காரன் பதினாலாயிரத்து ஐநூறு போட்டானே, அதுல பாதி நீ போவாத பயணத்துக்கு.

— அது சரிங்கண்ணா. அதுக்கு நாங்க என்னா பண்றது?

— வர்ற வியாழக்கெழம ஓசூரு வண்டி ஒண்ணு இங்க வருது. வூட்டுச் சாமான் லோடு. அந்தப் பார்ட்டி போற காசு, வர்ற காசு எல்லாத்தையும் குடுத்துட்டாங்க. எறக்குனதும் வண்டி சும்மாத்தான் ஓசூரு திரும்பணும். அதுல நீ ஏத்திக்க. பாரம் ஏத்துனா கூடுதலா ஆவுற டீசலுக்கும் டிரைவருக்கும் நாலாயிரத்து ஐநூறு குடு. அங்க எறக்குற ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு. மொத்தம் ஆறாயிரம். கதை முடிஞ்சிது.

— ஆறாயிரமா?

— கேட்டியா அன்பு? பெரியார் நகருக்கு ஏழாயிரத்து நூறு. ஓசூருக்கு ஆறாயிரம். தூரமா போனா ஆயிரத்து நூறு மிச்சம்.

— இருங்க மாமா. அண்ணே, இங்க ஏத்துற கூலிய நீங்க சேக்கலியே?

— அதான் தங்கச்சி விசேஷம். சாமான எறக்குறதுக்கு அந்தப் பார்ட்டி நாலு ஆள வெச்சிருக்குது. எறக்கி முடிச்ச கையோட அதே ஆளுங்க உங்க சாமான ஏத்திடுவாங்க. டீக்காசு குடுத்தாப் போதும்.

— அவங்க ஒரு எடத்துல எறக்கிட்டு நம்ம வூட்டுக்கு நடந்து வருவாங்களா?

— பக்கத்துலதான் எறக்குறாங்களாம். உங்க பூதாமூருலதான்னு ஓசூரு புக்கிங்காரன் சொன்னான். கதவு நம்பரு இன்னும் அனுப்பல. வந்ததும் சொல்றேன். ஆனா ஆனிக் கடைசி, எல்லாரும் வண்டி கேக்குறான். ஐநூறு டோக்கன் போட்டா நான் புடிச்சி வெக்கிறேன். இல்லன்னா மங்கலம்பேட்டையில ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு.

— போடுறேண்ணே, இப்பவே போடுறேன். என்னா அன்பு, சரிதான?

— நாலாயிரத்து ஐநூற நாலாயிரம் ஆக்கச் சொல்லுங்க.

— தங்கச்சி, டீசல நானா காய்ச்சுறேன்?

— நாலாயிரத்து இருநூறு.

— சரி, நாலாயிரத்து இருநூறு. இந்த வாய வெச்சிக்கிட்டு ஓசூருல நீ கன்னடத்துலயே பேரம் பேசுவ. டோக்கன் போட்டுவுடு தம்பி, வெக்கிறேன்.

— போட்டாச்சு. அன்பு, ஐயாயிரத்து எழுநூறு. ஊரு விட்டு ஊரு போறோம், ஐயாயிரத்து எழுநூறு ரூவாயில. இத எஸ்டேட்டுல போய் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்.

— ஆயிரத்து நானூறு மிச்சம் மாமா. நான் ஒண்ணு கேட்டா திட்டக்கூடாது. அம்புஜத்துக்கு நம்ம கம்பெனிலேர்ந்து ஒரு டீ செட்டு வாங்கிட்டுப் போவலாம். அந்த நீலப் பூப் போட்டது. போவச் சொல்ல வெறுங்கையோட போனா நல்லாருக்காது.

— ரெண்டு வாங்கு. இன்னைக்கி நான் ராஜா.

— நாலு வருஷம் ஆச்சு மாமா அவள நேர்ல பாத்து. அவ இங்க இருக்கச் சொல்ல தெனமும் சாயந்திரம் நம்ம வாசல்லதான் இருப்பா. இந்த வூட்டுக் காத்து எங்கயும் கெடைக்காதும்பா. போவச் சொல்ல அந்த முருங்கை மரத்தப் புடிச்சிக்கிட்டு அழுதா.

— இப்ப நீ போய் அவ செவுத்த தட்டு. மறுபடி அழுவா. இரு, பச்சமுத்து அண்ணன் கூப்புடுறாரு, ஸ்பீக்கர்லயே போடுறேன். சொல்லுங்கண்ணே, டோக்கன் வந்துச்சா?

— வந்துடுச்சு. தம்பி, விசியம் என்னான்னா, நீ இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் இன்னும் முந்நூறு கொறச்சிருப்பேன்ல.

— எதண்ணே?

— எறக்குற வூடும் ஏத்துற வூடும் ஒண்ணேதான்னு. இப்பத்தான் அட்ரஸு வந்துச்சு. பூதாமூரு, வேப்பமரத்துத் தெரு, பதினாலாம் நம்பரு, கோவிந்தசாமி வூடு, கீழ்ப்போர்ஷன்.

— அண்ணே, அது எங்க வூடு. அது ஏத்துற அட்ரஸு. எறக்குற அட்ரஸச் சொல்லுங்க.

— ரெண்டும் அதான் தம்பி. பார்ட்டி பேரு பிரபா. நீயும் அவனும் பேசி வெச்சிக்கிட்டு மாத்திக்கிறீங்கன்னு ஓசூருகாரன் சொல்றான். மூணு ஷிப்ட்டு பாத்து ஒடம்பு தாங்கலியாம், ஊருக்கே வந்துடுறானாம். பதிலுக்கு ஒரு சூளை ஆளக் குடுத்தாத்தான் அவன வுடுவோம்னு கம்பெனில சொல்லிட்டாங்களாம். அந்த ஆளு நீதான?

— அன்பு.

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மாமா.

— அந்தக் கதவு.

— ஆமா. அவங்க பீரோவுக்கு.

— அப்ப கோவிந்தசாமி ஐயா சொன்ன பார்ட்டி...

— ஆறாயிரத்து ஐநூறு குடுக்குற பார்ட்டி. விடுங்க. அந்தப் பெட்டி மேலயே ஒக்காருங்க, பரவால்ல. போன இப்புடிக் குடுங்க. அண்ணே, அன்புக்கரசி பேசுறேன். வண்டி வரட்டும், தடுக்காதீங்க. ஆனா அம்புஜம் இல்லாத ஊருக்கு நாங்க ஏத்தல, இங்கயே இருக்கோம். டோக்கன் ஐநூறு போனாப் போவுது.

— என்னா தங்கச்சி, திடீர்னு இப்புடிச் சொல்ற? நீ காலி பண்ணாம அவங்க சாமான எங்க எறக்குறது?

— சாவி என் இடுப்புல இருக்குதுண்ணே, வாடகையில ஏத்துன அந்த ஆயிரத்த வூட்டுக்கார ஐயாகிட்ட நான் குடுத்துக்குறேன். அவங்கள எங்க வாசல்ல எறக்கிட்டு, பெரியார் நகர்ல காலியா இருக்குற மாடி வூட்டுக்கு மூணு நடை குட்டியானை சொல்லச் சொல்லுங்க, லோக்கல் ரேட்டு மாடிக்கூலியோட ஏழாயிரத்து நூறு, அம்புஜத்தோட டம்ளரு மட்டும் ஒடையாம நான் கட்டித் தரேன், அதுக்குக் காசு வேணாம்.