ராயப்ப பிள்ளையின் பதினொரு பிள்ளைகள்

நெல் விளையும் இந்த நாட்டின் நியாயவான்களே, ஒரு நாழிகை இங்கே வந்து நில்லுங்கள். ஒரு தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் அவர்கள் பெற்ற மகள் களவாடப்பட்டிருக்கிறாள். களவாடியவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்லர். ஞாயிறு பூசை தவறாத, பாபநாசம் பக்கத்துப் பெரிய குடும்பத்தார்.

அந்தக் குடும்பத்தின் மகள்வழிப் பேத்தி எல்சி டீச்சர், கும்பகோணத்தில் பழைய பதிவேடுகள் உறங்கும் அறையின் வாசற்படியில் நின்று தாய்மாமன் லூர்துராஜை அழைக்கிறாள். குடும்ப மலர் இன்று மாலை அச்சேறுகிறது. முதல் பக்கத்தில், முதன்முதல் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த மூதாட்டி மதலேனாளின் பெற்றோர் பெயர் வரவேண்டும். அதை உறுதி செய்து வா என்று அனுப்பியவரே மாமாதான்.

"ஹலோ... மாமா, கேக்குதா?... எல்சிதான். பாத்துட்டேன்... பாத்துட்டேங்கிறேன்ல, ஞானஸ்நானப் பதிவேட்டையே என் கையில குடுத்தாங்க... இருக்கு, ராயப்ப பிள்ளை பேரு இருக்கு... ஆமா ஆமா, மராட்டிய அரண்மனைக் களஞ்சியத்துக் கணக்கரேதான்... மாமா, அத்தையைக் கூப்பிடாதீங்க. முழுசாக் கேளுங்க... ஐயோ, சொல்லிட்டீங்களா?

"அவரு தகப்பன் இல்ல மாமா. ஞானத்தகப்பன்... அதான், ஞானஸ்நானத்தப்போ பக்கத்துல நின்னவரு... தாத்தா அந்தக் காலத்துல நோட்டுல எடுத்து எழுதினப்போ தகப்பன் கட்டம் காலியா இருந்திருக்கு. அடுத்த கட்டத்துல அரண்மனைக்காரர் பேரைப் பாத்ததும் மனுசனுக்கு மனசு கேக்கல, அவரையே தகப்பனாக்கிட்டாரு... கோவிச்சுக்காதீங்க. சரி, தகப்பன்னே வெச்சுக்குவோம். அன்னிக்கு ஒரே பூசையில பதினோரு பேருக்கு ஞானஸ்நானம். பதினோரு பேருக்கும் அதே ராயப்ப பிள்ளை. அதுல ஒருத்தருக்கு வயசு எழுபது. அவரையும் இவருதான் பெத்தாரா?

"பெத்தவங்க பேரா? இருக்கு. கட்டத்துக்குள்ள இடம் குடுக்கல. ஓரத்துல, பொடி எழுத்துல, லத்தீன்ல. இங்க ஒரு வயசான சாமியார் வாசிச்சுச் சொன்னாரு... இல்ல, மராட்டியர் இல்ல... வேளாளரும் இல்ல... இல்ல... மாமா, நீங்க ஒவ்வொரு படியா இறங்கி வர்றதுக்குள்ள என் போன்ல சார்ஜ் போயிடும். நானே சொல்லிடறேன். தகப்பன் சன்னாசி, தாய் கண்ணாத்தாள். ஊர் கிடையாது. கயிற்றின் மேல் நடப்பவர்கள். அப்படித்தான் எழுதியிருக்கு."

பெண் எடுக்கவும் கொடுக்கவும் எதிராளியின் ஏழு தலைமுறையைச் சல்லடையில் சலித்த வீடு மறுமுனையில் இருந்தது. எல்சி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"மாமா... இருக்கீங்களா?... ஆமா, கழைக்கூத்தாடிங்கதான்... மெதுவாத்தான் பேசறேன், இங்க யாரும் இல்ல... காலியா விட்டுடறதா?... ம்... ம்... 'தாய் தகப்பன் இன்னாரென அறியக்கூடவில்லை'ன்னு போட்டுடலாமா? நல்ல வரி மாமா. எங்கயோ படிச்ச மாதிரி இருக்கே... எங்கயா? உங்க மனுவுலதான்... வாய்க்கால் கரையில கூடாரம் போட்டிருக்கிற எட்டுக் குடும்பத்தையும் காலி பண்ணச் சொல்லி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுல குடுக்கப் போறீங்களே, அதுதான். 'ஊரோ, தாய் தகப்பனோ இன்னாரென அறியக்கூடாதவர்கள்.' முதல் கையெழுத்து உங்களுது. ரெண்டாவது... ஆமா, என்னுதுதான். நீங்க நீட்டினீங்க, படிக்காமப் போட்டேன். இல்லேங்கல.

"அது வேற, இது வேறயா?... எப்படி வேற?... கேளுங்க மாமா. மதலேனம்மா எங்கிருந்து வந்தாங்கன்னும் அதே ஓரத்துல இருக்கு. வாய்க்கால் கரைக் கூடாரம்... அதே வாய்க்கால்தான், நம்ம ஊருக்கு ரெண்டா இருக்கு?... திருவிழா வருது, தெரியும். கொடியேத்தம், தெரியும். அந்தப் பிள்ளைங்க மூணு பேரு என் வகுப்புல உக்காந்திருக்குதுங்க மாமா, இடத்தைக் காலி பண்ணினா அதுங்க படிப்பு அதோட போச்சு... மனுவைக் கிழிச்சுப் போடுங்க... யாரு, உங்க மக பிரின்ஸியோட கல்யாணச் சம்பந்தமா? நின்னுடுமா?... அந்தரத்துல கயித்து மேல நடந்து பொழைச்ச வம்சம் மாமா நம்மளுது, இதுக்கா விழுந்துடப் போறோம்?... சிரிக்கல, சத்தியமா சிரிக்கல... தாத்தா எழுதினது பொய்னு நான் சொல்லல, ஆசைன்னு சொல்றேன்... ஹலோ? மாமா?... ஹலோ..."

இணைப்பு அறுந்தது. எல்சி திரும்ப அழைக்கவில்லை. அச்சகத்துக்கு இரண்டு பெயர்களை அனுப்பினாள்: சன்னாசி, கண்ணாத்தாள். பிறகு அதே படியில் உட்கார்ந்து, மனுவிலிருந்து தன் கையெழுத்தை விலக்கிக்கொள்ளும் கடிதத்தை எழுதினாள்.

முதல் கையெழுத்து அப்படியே இருக்கிறது. அதன் கீழே இன்னும் இருநூறு பேர். அவர்களில் நீங்களும் இருக்கலாம். ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். உங்கள் பாட்டனைப் பெற்றவள் யார், அவளைப் பெற்றவள் யார் என்று எழுதுங்கள். எழுத வரவில்லையா? அப்படியானால் எழுந்து வாருங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மனு கலெக்டர் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள், அந்த மனுவில் இருக்கும் உங்கள் பெயரை உங்கள் கையாலேயே அடித்துவிட்டுப் போங்கள்.