நடுக் கம்பில் வந்த மீன்

பெயர்: மாரித் நோர்லிங். வயது: 57. கணவர் பெயர்: ஸ்டூரே நோர்லிங். தொழில்: பள்ளிப் பேருந்து ஓட்டுநர். முகவரி: கரைச் சாலை, நோர்ஹம்ன் கிராமம், ஹெல்சிங்லாந்து, ஸ்வீடன். பதிவு செய்த இடம்: காவல் நிலையம். காலம்: ஜூன் முதல் வாரம், முற்பகல்.

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். அவர் மரம் அறுக்கும் ஆலையில் மின் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு ஒரு சிறிய படகு இருக்கிறது. அதன் முன்பாதியில் கேபின், பின்பாதியில் திறந்த தளம். கோடை தொடங்கி, சால்மன் மீன்கள் தங்கள் ஆறுகளைத் தேடி எங்கள் கரையோரமாக வடக்கே போகும் இந்த நாட்களில், நாங்கள் இருவரும் விடியற்காலையில் படகை மெதுவாக ஓட்டி, பின்னால் முள் கோத்த, மீன்போல் மின்னும் தகட்டு இரைகளை இழுத்துக்கொண்டு போய் அவற்றைப் பிடிப்பது வழக்கம். திருமணமான வருடத்திலிருந்தே இப்படித்தான். காஸ்பெர் லின்டால் என்பவர் கொடுத்த தகவலின் பேரில் என்னை விசாரிப்பதால் நடந்ததைச் சொல்கிறேன். அவர் பார்த்ததாகச் சொல்லியிருப்பது எல்லாம் உண்மை. என் கணவர் தண்ணீரில் கிடந்தபோது நான் கையில் தூண்டில் கம்போடு நின்று சிரித்தேன். படகை நிறுத்தவில்லை. உதவிக்கு வந்தவரைக் கிட்டே வராதே என்று கை வீசினேன். ஏன் என்பதைத்தான் அவரால் அங்கிருந்து பார்த்திருக்க முடியாது.

எங்கள் படகில் ஐந்து கம்புகள். இரு பக்கமும் இரண்டிரண்டு. அவற்றின் நூல்களைச் சிறு மிதவைப் பலகைகள் பக்கவாட்டில் விலக்கிக் கொண்டுபோகும். ஐந்தாவது நடுக் கம்பு. அதன் நூல் பலகை இல்லாமல் நேராகப் பின்னால் நீண்டு கிடக்கும். மீன் கடித்தால் முறை வைத்துத்தான் கம்பை எடுப்போம், ஒன்று அவருக்கு, அடுத்தது எனக்கு. ஒருவர் கம்பைப் பிடித்தால் மற்றவர் மோட்டாரையும் மீனை அள்ளும் கைவலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நூல் சுற்றியிருக்கும் ரீலின் பிரேக் விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் என்றும் ஒத்துப்போனதில்லை. அவர் இறுக்கி வைப்பார், நான் தளர்த்தி வைப்பேன். இறுக்கி வைத்தால் மீன் ஓடும்போது நூல் அறும், அல்லது மீனின் வாய் கிழியும் என்பது என் கட்சி. பண்ணையில் குஞ்சு பொரித்துக் கடலில் விட்ட மீன்களுக்கு வாலுக்கு முன்னால் முதுகிலிருக்கும் சின்னத் துடுப்பை வெட்டியிருப்பார்கள். அந்தத் துடுப்பு முழுதாக இருந்தால் அது ஆற்றிலேயே பிறந்த மீன், உயிரோடு திருப்பி விட்டுவிட வேண்டும். பெரிய மீன்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான். கிழிந்த வாயோடு விட்டால் அது ஆறு போய்ச் சேருமா என்று நான் கேட்பேன், அவர் மறுபடியும் இறுக்கி வைப்பார்.

சம்பவத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை என் முறையில் வந்த ஒரு நல்ல மீனை என் கணவர் வலையின் விளிம்பால் இடித்துத் தப்ப விட்டுவிட்டார். நான் அவரிடம், "கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வந்தியா, இல்ல அலமாரியிலயே வச்சிட்டு வந்தியா? இனிமே என் மீன் வரும்போது நீ தலையே காட்டாத. வலையையும் நானே போட்டுக்கறேன்" என்றேன். அதற்கு அவர், "சரி தாயே. உன் மீன் வந்தா நான் முன்னாடி போய் உக்காந்து கடலைப் பாத்துக்கிட்டு இருக்கேன். நீயாச்சு, உன் மீனாச்சு" என்றார். கோபம் வந்தால் அவர் கேபினுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வது உண்டு. பின்தளத்தில் நிற்பவருக்கு அவரைத் தெரியாது, கேபின் மறைத்துவிடும். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

சம்பவத்தன்று காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு தீவுகளைத் தாண்டி ஐந்து தகடுகளையும் இறக்கினோம். தெற்கிலிருந்து லேசான காற்று. அதன் பிறகு மொறுமொறு ரொட்டியில் மீன்முட்டைப் பசையைத் தடவிச் சாப்பிட்டோம், காபி குடித்தோம். அடுத்த மீன் என் முறை. என் கணவர் நடுக் கம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதோட பிரேக்கைத் தளர்த்தினது நீதானே? அலை அடிச்சாலே நூல் ஓடிடும் போலிருக்கு" என்றார். நான், "என் முறை, என் பிரேக். கையை எடு" என்றேன். அவர் கையை எடுத்துவிட்டார். அதன் பிறகு, அதிகாலையில் எழுந்த களைப்பில், நான் கேபினுக்குள் போய்ப் படுத்துக் கண்ணை மூடினேன். படகு தானியங்கிச் சுக்கானில் போய்க்கொண்டிருந்தது.

பின்னர் தெரிந்துகொண்டது என்னவென்றால், என் கணவர் படகின் பின்விளிம்பில் நின்று ஒன்றுக்குப் போயிருக்கிறார். ஆண்களிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. ஒரு அலை புரட்டியதில் சத்தமே இல்லாமல் தண்ணீரில் விழுந்துவிட்டார். அவர் அணிந்திருந்தது மிதவை உடை, ஆனால் ஜிப் திறந்திருந்ததால் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. எங்கள் கடலில் இந்த நாட்களில் தண்ணீர் எவ்வளவு குளிராக இருக்கும் என்று அதிகாரிக்குத் தெரியும். படகு அவரை விட்டு நகர்ந்துகொண்டே இருந்தது. நடுக் கம்பின் நூல் அவர் தோள்மேல் உரசிக்கொண்டு போயிருக்கிறது. அதைப் பிடித்திருக்கிறார். அது விரல்களை அறுத்துக்கொண்டு ஓடி, கடைசியில் தகட்டின் தூண்டில்முள் அவர் சட்டைக் கை விளிம்பில் மாட்டிக்கொண்டது.

எனக்குக் கேட்டது நூல் ஓடி ரீல் கத்திய சத்தம் மட்டும்தான். எழுந்து ஓடினேன். பின்தளத்தில் அவர் இல்லை. சொன்னபடி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. கேபினுக்கு மேலாக, "பரவாயில்லையே, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டியே" என்று கத்தினேன். அதன் பிறகு மோட்டாரை மிகக் குறைந்த வேகத்துக்குக் கொண்டுவந்தேன். நிறுத்தவில்லை. நிறுத்தினால் மற்ற நான்கு நூல்களும் தொய்ந்து சிக்கிக்கொள்ளும், மீன் கைவிட்டுப் போகும். அதன் பிறகு நடுக் கம்பை எடுத்தேன்.

அந்த நேரத்தில் என் கையில் வந்தது என்ன என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். அப்படி ஒரு கனம் என் வாழ்நாளில் என் கையில் வந்ததில்லை. சால்மன் தலையை உதறும், குதிக்கும், பக்கவாட்டில் வெட்டி ஓடும். இந்த மீன் எதுவும் செய்யவில்லை. சும்மா கனத்தது. நான் சுற்றினால் கொஞ்சம் வரும், பிறகு தன் இஷ்டத்துக்கு நூலை எடுத்துக்கொள்ளும், நான் கொடுப்பேன். அந்தக் கனத்துக்குள்ளே நிதானமாக, ஒரே சீராக ஒரு உந்தல் இருந்தது. அது வால் அடிப்பது என்று நினைத்தேன். பயந்துவிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இப்படி ஒன்று இந்தக் கடலில் இருந்துகொண்டு, நாம் மேலே காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கீழே போய்க்கொண்டிருக்கிறதா என்று நினைத்தேன். கடல் முழுக்க வெயில். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கு இது வேண்டாம், ஒரு தடவை பார்த்தால் போதும், விட்டுவிடுகிறேன் என்று சத்தமாகவே கேட்டுக்கொண்டேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியாது.

அதன் பிறகு சந்தோஷம் தாங்காமல் சிரித்தேன். முன்பக்கம் பார்த்து, "ஸ்டூரே, நீ பிடிச்சதையெல்லாம் சேர்த்து வச்சாலும் இதோட கால் தூசிக்கு வராது. வந்து பாக்கணும்னு இருக்குல்ல? வராத, அங்கயே இரு" என்றேன். பதில் வரவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்து இன்னும் சிரித்தேன். லின்டால் தன் படகிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தது இதைத்தான். தண்ணீரில் ஒரு ஆள், படகில் சிரிக்கும் ஒரு பெண். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் காவல் நிலையத்துக்குத்தான் போயிருப்பேன்.

அதன் பிறகு தூரத்தில், நூல் போகும் திசையில், அலைகளுக்கு நடுவே ஒரு கறுத்த தலை தெரிந்தது. கடல்நாய் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் கடல்நாய்கள் தூண்டிலில் மாட்டிய மீனை நூலிலிருந்தே கடித்துத் தின்றுவிடும். அந்த மீனையா என்று எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "போ அந்தப் பக்கம், திருட்டு நாயே, அது என் மீனு" என்று கத்தினேன். கடல்நாய் துரத்தினால், மீன் ஆழத்துக்கு இறங்கித் தப்பட்டும் என்று மோட்டாரை நிறுத்தி நூலை விட்டுக்கொடுப்போம். அதன்படி மோட்டாரை நிறுத்தினேன். அதுவரை என் காதருகே இரைந்துகொண்டிருந்த மோட்டார் அடங்கியது. கடல்நாய் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

"மாரித். பிரேக்கை இறுக்காத."

அப்போதும் நான் ஒரு முறை முன்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் அங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுபோல. அதன் பிறகு எனக்குப் புரிந்தது. நான் வால் என்று நினைத்தது அவர் கால் உதைத்தது. கடல்நாயின் தலை அவருடைய கம்பளித் தொப்பி. மிதக்கும் வளையத்தை எடுத்து எறிந்தேன், பாதி தூரம்கூடப் போகவில்லை. மோட்டாரைப் போட முடியாது. நான்கு நூல்களும் படகுக்கு அடியில் போய்விட்டன, மோட்டாரின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். கத்தியால் நான்கையும் அறுத்தேன், அறுந்த நூல்கள் அடியிலேயே கிடந்ததால் அப்போதும் மோட்டாரை நம்பவில்லை. காற்று படகை அவரிடமிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. எனக்கும் அவருக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு நூல்தான். எனவே முன்பு செய்ததையே செய்தேன். அலை இறங்கும்போது சுற்றினேன், ஏறும்போது கொடுத்தேன்.

பேசிக்கொண்டே இருந்தேன். "கண்ணை மூடின, இந்த வலையாலயே மண்டையில போடுவேன்" என்றேன். முதலில், "போடு" என்றார். பிறகு, "கை இருக்கறதே தெரியல மாரித்" என்றார். பிறகு பேசவில்லை. நூல் இழுத்துப் பிடித்திருந்ததால்தான் அவர் முகம் தண்ணீருக்கு மேலே இருந்தது. அது தளர்ந்தால் முகம் உள்ளே போய்விடும் என்று தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் லின்டாலின் படகு பெரும் வேகத்தில் வந்தது. எங்கள் இருவருக்கும் நடுவே வர இருந்தது. அவருக்கு நூல் தெரியாது, அதை அறுத்துக்கொண்டு போயிருப்பார். அதனால்தான் கையை வீசி, "கிட்ட வராத" என்று கத்தினேன். அவர் என்னை என்னவென்று நினைத்தாரோ, ஆனால் நின்றுவிட்டார். அதற்கு நான் அவருக்கு என்றும் கடமைப்பட்டவள். அதன் பிறகு என் கணவர் படகின் ஓரத்துக்கு வந்தார். கைவலையை அவர் தலைக்குப் பின்னாலிருந்து தோள்களுக்கு அடியில் கொண்டுபோனேன். விளிம்பு அவர் மேல் படவில்லை. லின்டால் மறுபக்கமாக மெல்லத் தன் படகை ஒட்டிக் கொண்டுவந்து, எங்கள் படகுக்குள் குதித்தார். இருவரும் சேர்ந்து தூக்கினோம். மீட்புப் படகை அழைத்ததும் அவர்தான். என் கணவரின் சட்டைக் கையில் முள் இரண்டு தையல் அளவுக்கு மட்டுமே பிடித்திருந்தது. அதை நான் பார்த்தேன், லின்டாலும் பார்த்தார்.

என் கணவர் தற்போது மருத்துவமனையில் இருக்கிறார். விரல்களில் தையல் போட்டிருக்கிறார்கள். உடம்பில் பழைய சூடு திரும்பிவிட்டது, நாக்கும் பழையபடி ஓடுகிறது. நேற்று என்னிடம், "தண்ணிக்குள்ள முகம் போனப்ப பாத்தேன். எனக்குக் கீழ ஒண்ணு பின்னால ஒண்ணா போய்க்கிட்டே இருந்துச்சு, பெருசு பெருசா, வடக்கே. ஒண்ணுகூட நம்ம தகட்டைத் திரும்பிப் பாக்கல" என்றார். அது உண்மையா, குளிரில் தோன்றியதா என்று எனக்குத் தெரியாது. நான் நம்புகிறேன்.

கம்பில் இருப்பது உங்கள் கணவர் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் இதையேதான் செய்திருப்பீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை. தெரிந்திருந்தால் பிரேக்கை இறுக்கி, உடம்பிலுள்ள பலத்தையெல்லாம் கூட்டி இழுத்திருப்பேன். சட்டைக் கையின் தையல் பிரிந்திருக்கும். மீன் என்று நினைத்ததால்தான் அது கேட்டபோதெல்லாம் கொடுத்தேன்.

மேலே எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். ரீல் கத்தியதிலிருந்து என் கணவரின் குரல் கேட்கும் வரை 'மீன்' என்று வரும் இடங்களில் 'கணவர்' என்று திருத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். அந்த நேரத்தில் அது மீன்தான். நான் பிடித்ததிலேயே பெரியது. ஒரு தடவை பார்த்தால் போதும் என்று கேட்டிருந்தேன், பார்த்துவிட்டேன். கண்டதையும் செய்ததையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
மாரித் நோர்லிங்